பழைய தொட்டிக்குள் புது மீன்: சண்டை வராமல் சேர்க்க எந்த வழி, எந்தத் தொட்டிக்கு?

ஆறு மாதமாக நன்றாக ஓடும் ஒரு மீன் தொட்டியில் காலியிடம் என்று எதுவும் கிடையாது. குகை ஒரு மீனுக்கு, ஃபில்டர் குழாயின் பின்புறம் இன்னொன்றுக்கு, தீனி விழும் மூலை இருப்பதிலேயே பெரியதற்கு என்று பாகப்பிரிவினை முடிந்திருக்கும். நமக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் இடத்தில் மீனுக்கு வேலி தெரிகிறது. அந்த வேலிக்குள்தான் புது மீனைக் கொண்டுபோய் விடுகிறோம்.

இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் மீனுக்குப் பெரிய சாதகம் உண்டு. ஒரே இனம், ஒரே அளவு என்றாலும் மோதலில் பெரும்பாலும் இருப்பது வெல்லும், வந்தது தோற்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒருமுறை தோற்ற மீன், எதிரி மாறினாலும் அடுத்த மோதலில் தோற்கவே வாய்ப்பு அதிகம். முதல் மாலையில் ஒன்றிடம் அடிபட்டது, மூன்றாம் நாளில் தன்னைவிடச் சிறியவற்றிடமும் ஒதுங்கி நிற்பது இதனால்தான். "நாலு நாளில் பழகிவிடும்" என்று விட்டுவைப்பது பல மீன்களின் உயிரை வாங்கியிருக்கிறது. இங்கே ஒப்பிடும் வழிகள் எல்லாவற்றுக்கும் இலக்கு ஒன்றே: முதல் சந்திப்பில் பழைய மீனுக்கு இருக்கும் சாதகத்தைக் குறைப்பது. எந்த வழி பொருந்தும் என்பது, அந்தத் தொட்டியில் சண்டை எதனால் வருகிறது என்பதைப் பொறுத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வழியைத் தேடக் கூடாது

இடச் சண்டை முதல் வகை. ரெட் டெயில் ஷார்க், மலாவி ஏரியின் இம்புனா சிக்லிட்கள், கடல்மீன் தொட்டியில் டாம்செல் ஆகியவை குறிப்பிட்ட பாறையையோ குகையையோ தமதாக்கி, நெருங்குவதையெல்லாம் துரத்தும். எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் துரத்தல் நின்றுவிடும். இதுதான் இவ்வகையின் அடையாளம்.

இரண்டாவது சாயல் சண்டை. தன் இனத்தையும், நிறத்திலோ உடலமைப்பிலோ தன்னைப்போல் இருப்பதையும் தேடிப்போய்த் தாக்குவது. ஆண் ஃபைட்டர் மீன், ஆண் குள்ள கௌராமி, ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு டாங் மீன்கள் இதற்கு உதாரணம். மற்ற மீன்கள் பக்கத்தில் நின்றால் அவை கண்டுகொள்வதே இல்லை.

மூன்றாவது வரிசைச் சண்டை. டைகர் பார்ப், கிளவுன் லோச் போன்ற கூட்ட மீன்களில் யார் மேல், யார் கீழ் என்பதற்கான தள்ளுமுள்ளு இது. கூட்டம் போதுமான அளவு இருந்தால் இது விளையாட்டாகவே முடியும். மூன்று நான்கு மட்டும் இருந்தால் கடைசியில் இருக்கும் மீனின் துடுப்பு கந்தலாகும்.

நான்காவது குஞ்சு காவல். முட்டையிட்ட ஏஞ்சல் ஜோடியோ கன்விக்ட் சிக்லிட் ஜோடியோ இருக்கும் தொட்டியில் புது மீனை விடுவதற்கு முறை என்று எதுவும் இல்லை. பல மாதம் ஒன்றாக இருந்த மீன்களையே அவை தொட்டியின் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

இவற்றோடு சண்டையே இல்லாத ஒரு மரணமும் உண்டு. புது மீன் ஒளிந்துகொள்கிறது, தின்னவில்லை, இரண்டு நாளில் செத்து மிதக்கிறது. பழைய மீன்கள் உடலைக் கொத்துவதைப் பார்த்துவிட்டு "அடித்துக் கொன்றுவிட்டன" என்று முடிவுகட்டுகிறோம். உண்மையில் தண்ணீர்தான் கொன்றிருக்கும். தண்ணீர் மாற்றுவதில் சுணக்கம் காட்டிய பழைய தொட்டியில் மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் மெதுவாக ஏறி, பி.எச். (அமில-கார அளவு) சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை தீர்ந்து, பி.எச். சரிந்திருக்கும். பழைய மீன்கள் மாதக்கணக்கில் அதோடு சேர்ந்தே இறங்கியதால் தாங்கிக்கொள்ளும். புதிது ஒரே மணி நேரத்தில் அதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அதனால் மீன் வாங்கக் கிளம்பும் முன்பே தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவும், நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் 40 பங்கு) கீழேயும் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஒரேயடியாக மாற்றாமல், இரண்டு வாரத்தில் நான்கைந்து முறை 15 முதல் 20 சதவீதம் மாற்றி இறக்க வேண்டும். மீன் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

பையை மிதக்கவிடுவதா, சொட்டுச் சொட்டாகவா?

சண்டையைத் தடுக்கும் வழிகளாக இவற்றைச் சொல்வது தவறு. ஆனாலும் தண்ணீர் அதிர்ச்சியில் சோர்ந்த மீன்தான் முதலில் அடிவாங்கும் என்பதால், இங்கேயே முடிவெடுத்துவிட வேண்டும்.

பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். கடைத் தண்ணீரும் நம் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்று என்றால் இதுவே போதும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் சொட்டு முறைக்குப் போகலாம். ஏர் பம்ப் குழாயில் ஒரு சிறு வால்வோ தளர்வான முடிச்சோ போட்டு, மீனும் பைத் தண்ணீரும் உள்ள வாளியில் தொட்டித் தண்ணீர் வினாடிக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு விழும்படி விட வேண்டும். 45 முதல் 60 நிமிடத்தில் தண்ணீர் இரண்டு மூன்று மடங்கானதும் மீனை வலையில் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டவே கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு நாளோ அதற்கு மேலோ பயணப்பட்டு வந்த பையில் சொட்டு முறை ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச்.-ஐக் கீழே தள்ளியிருக்கும். அதனால் கழிவிலிருந்து வந்த அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அம்மோனியம் மறுபடி நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. அந்தத் தண்ணீரிலேயே மீனை ஒரு மணி நேரம் உட்காரவைப்பது செவுளை எரிப்பதற்குச் சமம். நெடும்பயணம் செய்த மீனுக்கு வெப்பநிலையை மட்டும் சமப்படுத்தி, பையைத் திறந்த உடனே எடுத்து, தயாராக வைத்த தனித் தொட்டியில் விடுவதே சரி.

தனித் தொட்டி: நோய்க்காக மட்டும் அல்ல

குவாரன்டைன் (புது மீனைச் சில வாரம் தனிமைப்படுத்துவது) என்றதும் வெள்ளைப்புள்ளி நோய்தான் நினைவுக்கு வரும். சண்டை விஷயத்திலும் இதன் பங்கு பெரிது. கடையிலிருந்து அப்போதுதான் வந்த மீன் மெலிந்து, நிறம் மங்கி, துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கும். பழைய மீன்களின் கண்ணில் அது பலவீனம் என்றே படும். மூன்று நான்கு வாரம் தனியாக நன்றாகத் தின்று நிறமேறிய மீன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முறைத்தால் திருப்பி முறைக்கும்.

சிறு மீன்களுக்கு 40 லிட்டர் போதும். சரளை வேண்டாம், வெறும் கண்ணாடி அடி. பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஒரு மாதம் ஓடவிட்டு எடுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மூடி, ஒளிந்துகொள்ள 5 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்று. வலையும் சைஃபன் குழாயும் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து, பெரிய தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் தண்ணீரையே இதற்குள் ஊற்றலாம். மாதம் முடியும்போது இரண்டு தொட்டியின் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகியிருக்கும். சொட்டு முறைக்கே தேவை இருக்காது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியின் சுழற்சி 25 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால், நான்கு வாரத்துக்குள் ஒளிந்திருப்பது வெளிப்பட்டுவிடும்.

இடமும் பொறுமையும் கேட்கும் வழி இது. ஆனால் கீழே வரும் எந்த வழியோடும் சேர்த்துச் செய்யலாம். முடிகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

விளக்கை அணைத்துவிட்டு விடுவது

செலவு எதுவும் இல்லை. பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, பத்து நிமிடம் கழித்து விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தையும் குறைத்து, புது மீனை விட வேண்டும். அன்று முழுவதும் விளக்கைப் போடக் கூடாது. டெட்ரா, ராஸ்போரா, கோரிடோரஸ், பிளாட்டி மாதிரி சாதுவான மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மூர்க்கமான மீன் இருக்கும் தொட்டியில் இது சண்டையைக் காலைக்குத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்த ஓர் இரவில் புது மீன் ஒளிவிடம் தேடிக்கொள்வது லாபம். ஆனால் பிளெக்கோ, சினோடான்டிஸ் போன்ற இரவாடிக் கெளுத்திகள்தான் தொட்டியின் ரவுடி என்றால் கணக்கு தலைகீழ். இருட்டு அவற்றுக்கே சாதகம். அங்கே பட்டப்பகலில், விளக்கு எரியும்போதே விட வேண்டும்.

கல்லையும் கட்டையையும் கலைப்பது

இடச் சண்டைக்கு நேரடி மருந்து இது. குகையே இடம் மாறிவிட்டால் காவல் காக்க எதுவும் மிஞ்சாது. பழையது, புதியது எல்லாம் ஒரே நேரத்தில் வீடு தேட வேண்டியதாகிறது. இம்புனா தொட்டிகளில் இதற்கு நிகரான வழி கிடையாது.

பெரும்பாலும் தவறு நேர்வது நேரத்தில்தான். முந்தின நாள் மாலையே கலைத்து அழகாக அடுக்கிவிட்டு, மறுநாள் மீனை வாங்கிவந்து விட்டால் பயன் பாதியாகிவிடும். அந்த ஓர் இரவுக்குள் புது வேலிகள் போட்டு முடித்திருக்கும். கலைத்த ஒரு மணி நேரத்துக்குள் புது மீன் உள்ளே இருக்க வேண்டும். அடுத்த தவறு அரைகுறையாகக் கலைப்பது. இரண்டு கல்லை நகர்த்தினால் போதாது. குகைகளில் பாதிக்கு மேல் இடம் மாற வேண்டும். ரவுடி மீனின் குகை கட்டாயம் மாற வேண்டும். அடுக்கும்போது தொட்டியின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி உயரமான கல்லையோ கட்டையையோ நடுவில் நிறுத்துவது நல்லது. பார்வையில் படாததைத் துரத்த முடியாது. மீன் ஒன்றுக்கு இரண்டு ஒளிவிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் உள்ள குகையில் மாட்டிய மீன் தப்பிக்க வழியில்லாமல் அடிவாங்கும்.

ஹீட்டரை முதலில் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். கல்லைத் தூக்கும்போது அடியில் கிடக்கும் கசடு முழுவதும் கிளம்பும் என்பதால், அதே நேரம் சைஃபன் வைத்து இழுத்து, 25 சதவீதம் தண்ணீரையும் மாற்றிவிடலாம். ஊற்றும் தண்ணீர் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது, குளோரினும் நீக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு ஃபில்டரைக் கழுவவே கூடாது. கிளம்பிய கசடு, கூடுதல் மீன், கழுவிய ஃபில்டர் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அம்மோனியா ஏறிவிடும். 8 செ.மீ.-க்கு மேல் ஆழமான மணல் படுகையை முழுவதுமாகக் கிளறக் கூடாது. காற்றுப் புகாத அடியில் அழுகல் வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கலாம்.

செடித் தொட்டிக்கும் பவளத் தொட்டிக்கும் இந்த வழி ஒத்துவராது. கிரிப்டோகோரைன் செடியைப் பிடுங்கி நட்டால் இலைகள் மொத்தமும் கரைந்துபோகும். வேரோடிய அமேசான் வாள் செடியைப் பிடுங்கினால் பாதித் தரை கூடவே வரும். பாறையில் ஒட்டி வளர்ந்த பவளத்தை நகர்த்தவே முடியாது. சாயல் சண்டைக்கும் இது உதவாது. கல்லை எங்கே வைத்தாலும் ஃபைட்டருக்கு ஃபைட்டர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அறிமுகப் பெட்டி

துளைகள் உள்ள தெளிவான அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, புது மீனை அதற்குள் சில நாள் வைப்பது. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் பெரிய வடிவம் என்று சொல்லலாம். ஒரு வழியை மட்டும்தான் தேர்வு செய்ய முடியும் என்றால் இதையே எடுக்கச் சொல்வேன். செடியையும் பவளத்தையும் தொடவேண்டியதில்லை. தவறு நடந்தாலும் உயிர் போகாது, நடந்த தவறு கண்ணுக்கும் தெரியும்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆய்வுகளிலும் தடயம் இருக்கிறது. தங்கனிக்கா ஏரியின் நியோலாம்ப்ரோலோகஸ் பல்ச்சர் என்ற சிக்லிட், பழகிய மீனையும் அந்நிய மீனையும் முகத்திலுள்ள வண்ணக் குறிகளை வைத்தே பிரித்தறிகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்னொரு ஆப்பிரிக்க சிக்லிட்டான அஸ்டடோடிலாப்பியா பர்டோனியின் ஆண்கள், மற்ற ஆண்கள் மோதுவதை வேடிக்கை பார்த்தே யார் வலியவர் என்று வரிசைப்படுத்திக்கொள்கின்றன என்பது 2007 ஆய்வின் முடிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மீனை அவை பார்க்கின்றன, கற்கின்றன, நினைவில் வைக்கின்றன. அறிமுகமான அண்டை வீட்டுக்காரனோடு இருக்கும் பகை, அந்நியனோடு இருப்பதைவிடக் குறைவு.

பெட்டியின் நீளம் மீனின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள பெட்டி 5 செ.மீ. மீனுக்குச் சரி. துளைகள் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும், ஃபில்டர் நீர் மெதுவாக அதன் ஊடே போக வேண்டும். உள்ளே ஒரு குழாய்த் துண்டு கட்டாயம். இது இல்லாமல் வைத்தால், வெளியிலிருந்து மோதும் மீனிடமிருந்து மறைய இடமின்றி, பெட்டிக்குள்ளேயே புது மீன் மனத்தளவில் தோற்றுவிடும். முதல் நாள் மூன்று பக்கத்தைக் கறுப்புத் தாளால் மறைத்து, அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் இன்னும் நல்லது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மிஞ்சிய தீனியை அன்றாடம் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்தச் சிறு கொள்ளளவில் அது சீக்கிரம் அழுகும்.

தீனி போடும் விதம்தான் இதில் நுட்பம். பெட்டிக்குள்ளும், பெட்டியை ஒட்டி வெளியிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். முதல் இரண்டு நாள் ரவுடி மீன் செவுளை விரித்து மோதும், வாலால் அடிக்கும். மூன்றாம் நான்காம் நாள் மோதல் குறைந்து, பெட்டியின் ஓரத்திலேயே நின்று தின்னத் தொடங்கும். ரவுடி மீன் பெட்டியைக் கடக்கும்போது நிற்காமல் போகிறதா, புது மீன் துடுப்பை விரித்துக்கொண்டு தின்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் திறக்கலாம். அது 3 நாளாகவும் இருக்கலாம், 7 நாளாகவும் இருக்கலாம். நாள்காட்டியைப் பார்த்துத் திறக்கக் கூடாது. 14 நாள் கழித்தும் மோதிக்கொண்டே இருந்தால், அந்த இரண்டும் ஒரே தொட்டியில் வாழ முடியாது என்ற பதில் கிடைத்துவிட்டது. அடிபடாமலே அது தெரிந்ததே பெரிய லாபம்.

திறக்கும்போது வலை போட்டுப் பிடித்து விடக் கூடாது. விளக்கை மங்கலாக்கி, எதிர்முனையில் தீனி போட்டுவிட்டு, பெட்டியைச் சாய்த்து வைத்தால் அதுவாக வெளியே வரும்.

நடுவில் தடுப்பு

10 செ.மீ.-க்கு மேற்பட்ட மீனைப் பெட்டிக்குள் அடைப்பது கொடுமை. ஆஸ்கர், பெரிய சிக்லிட்கள், வளர்ந்த ஏஞ்சல் ஆகியவற்றுக்குத் தொட்டியையே இரண்டாகத் தடுக்க வேண்டும். கூரை விளக்குகளுக்கு அடியில் மாட்டும், சதுரக் கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டி இதற்கு வசதி. கட்டங்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் என்பதால் சிறு மீன் நுழைந்துவிடும். அப்படியென்றால் தட்டி முழுவதும் பிளாஸ்டிக் வலை ஒன்றைச் சேர்த்துக் கட்டலாம். அடிப்பக்கம் சரளைக்குள் 2 செ.மீ. புதைய வேண்டும், மேல்பக்கம் மூடியைத் தொட வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் இடைவெளி விட்டவர்கள்தான் "எப்படித் தாண்டியது என்றே தெரியவில்லை" என்று வருந்துவார்கள். ஓடும் தொட்டியில் சிலிக்கான் பசை ஒட்டாது, காயவும் இடம் தராது. உறிஞ்சு பிடிப்பான்களோடு இருபுறமும் கற்களை முட்டுக்கொடுத்து நிறுத்தலாம். ஹீட்டர் ஒரு பக்கமாகப் போய்விட்டால் இரு பக்க வெப்பநிலையையும் அளந்துகொள்ள வேண்டும்.

யாரை எந்தப் பக்கம் விடுவது என்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். பழைய மீனை அதன் குகை இருக்கும் பக்கமே விட்டால் அதன் சாதகம் அப்படியே இருக்கும். புது மீனைத்தான் அந்தக் குகைப் பக்கம் விட வேண்டும், பழையதை மறுபக்கம் தள்ள வேண்டும். ஒன்று இரண்டு வாரம் கழித்துத் தடுப்பை எடுக்கும்போது கற்களையும் கலைத்துவிட்டால் யாருக்கும் சொந்த இடம் என்று எதுவும் இருக்காது.

ரவுடியை வெளியே எடுப்பது

துரத்துவது ஒரே மீன், அது எது என்பதும் உறுதி என்றால் புது மீனை அடைப்பதற்குப் பதில் அதை அடைக்கலாம். 3 முதல் 7 நாள் தனித் தொட்டியில் வைத்துவிட்டு, புது மீன்கள் இடம்பிடித்த பிறகு, விளக்கணைந்த நேரத்தில் கடைசி ஆளாக உள்ளே விட வேண்டும். இப்போது அதுதான் புதுவரவு.

இதில் இரண்டு சிக்கல். முதலிடம் காலியானதும் இரண்டாமிடத்து மீன் ரவுடியாகப் பதவியேற்பது சிக்லிட் தொட்டிகளில் வழக்கம். அதற்கு இந்த வழி தீர்வாகாது. அடுத்தது, சில மீன்கள் திரும்பி வந்த பத்தாவது நிமிடமே பழைய குகையைப் பிடித்துக்கொள்ளும், குகை அப்படியே இருந்தால். எனவே விடும் முன் அந்தக் குகையை எடுத்துவிட வேண்டும். தனித் தொட்டி இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று: ரவுடி சிறியது என்றால் அதையே அறிமுகப் பெட்டியில் அடைத்து, புது மீனைச் சுதந்திரமாக விடுவது. அதன் கண்முன்னே மற்றது நீந்தித் திரிந்து, தின்று, குகையைப் பிடித்துக்கொள்ளும். குள்ள சிக்லிட், டாம்செல் போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

எண்ணிக்கையால் சமாளிப்பது

ஒற்றை மீனாக விட்டால் துரத்தல் மொத்தமும் அதன் தலையில் விழும். மூன்று, ஐந்து என்று சேர்த்து விட்டால் பங்கிட்டுக்கொள்ளும். டைகர் பார்ப் எட்டுக்குக் குறையக் கூடாது. நான்கு பழையவை இருந்தால் நான்கையாவது ஒரே நாளில் சேர்க்க வேண்டும். கோரிடோரஸ் ஆறு, கிளவுன் லோச் ஐந்து. இம்புனாவில் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண், புதியவை ஆறுக்கு மேல், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில். மோலி, கப்பி, பிளாட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண். அங்கே பிரச்சினை சண்டைகூட அல்ல, ஒற்றைப் பெண் மீனை ஆண்கள் விடாமல் விரட்டிச் சோர்வில் சாகடிப்பது.

இதற்கு விலை தண்ணீரில் தெரியும். கழிவின் அம்மோனியாவை முறிக்கும் ஃபில்டர் பாக்டீரியா பழைய சுமைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது, கூடுதல் சுமைக்கு வளரச் சில நாள் எடுக்கும். முதல் வாரம் தீனியைப் பாதியாக்கி, 2, 4, 7ஆம் நாள்களில் அம்மோனியா பார்க்க வேண்டும். 0.25 பி.பி.எம். தெரிந்தாலே கால்பங்கு தண்ணீரை மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் தொட்டிக்கு இந்த வழி இல்லை.

கண்ணாடி வைப்பது: கடல்மீன் தொட்டியில் டாங் மீனின் கவனத்தைத் திருப்ப, வெளிப்புறமாக முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். தன் உருவத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் புது மீனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் துணைக்கருவியாக மட்டும் சரி. டாங்கின் வால் அடியில் கத்தி போன்ற முள் உண்டு, ஒரு வீச்சில் தோலைக் கிழிக்கும். அதனால் அங்கே பெட்டியே பிரதான வழி, கண்ணாடி கூடுதல்.

எந்தத் தொட்டிக்கு எது

சாதுவான கலவைத் தொட்டிக்குத் தனித் தொட்டியும் விளக்கணைப்பும் போதும். செடித் தொட்டியில் ஒரு குள்ள சிக்லிட்டோ ரெட் டெயில் ஷார்க்கோ ஆட்சி செய்தால் பெட்டி. புதுவரவு இன்னொரு ரெட் டெயில் ஷார்க் என்றால் பெட்டியும் காப்பாற்றாது, தொட்டிக்கு ஒன்றுதான். பாறைகள் நிறைந்த இம்புனா தொட்டிக்குக் கலைப்பதும் எண்ணிக்கையும் சேர்ந்தே போக வேண்டும், ஒன்று மட்டும் செய்தால் பாதிதான் பலிக்கும். பெரிய மீன்களுக்குத் தடுப்பு. கூட்ட மீன்களுக்கு எண்ணிக்கை. பவளத் தொட்டிக்குப் பெட்டி. இரண்டு ஆண் ஃபைட்டர்களுக்கும், தனிக்காட்டு ராஜாவாக வளர்ந்த ஃப்ளவர்ஹார்னுக்கும் எந்த வழியும் கிடையாது. அவற்றோடு முயன்று பார்ப்பதே தவறு.

எல்லாவற்றுக்கும் பொதுவான அளவு விதி ஒன்று: பழைய மீனின் வாய்க்குள் போகும் அளவில் புது மீன் இருக்கக் கூடாது. அது சண்டையே அல்ல, இரை. இடச் சண்டை உள்ள தொட்டியில் புதியது ரவுடியின் அளவுக்கு இணையாகவோ சற்றே பெரிதாகவோ இருப்பது நல்லது.

விட்ட பிறகு

முதல் அரை மணி நேரம் தொட்டி முன்பே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை விளக்குப் போடும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் காலைப் பார்வைதான் அதிகம் சொல்லும். துடுப்பை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்பது, ஓரிரண்டு அடி தூரம் துரத்திவிட்டுத் திரும்புவது எல்லாம் 48 மணி நேரம் வரை இயல்பு. எல்லையைத் தாண்டியும் துரத்தல் நிற்காதது, மேல் மூலையிலோ ஹீட்டர் பின்னாலோ செங்குத்தாக ஒட்டி நிற்பது, துடுப்பு முள்வரை கிழிந்தது, செதில் உதிர்ந்தது, இரண்டாம் நாளும் தின்ன வராதது ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

அதற்காகவே விடும் நாளில் பெட்டியையோ தனித் தொட்டியையோ கழற்றிக் கழுவி வைத்துவிடக் கூடாது. ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். எடுத்த மீனை உடனே மறுபடி விடவும் கூடாது. துடுப்பு மறுபடி வளர்ந்து, தீனிக்கு முந்திக்கொண்டு வரும்வரை ஒன்றிரண்டு வாரமாவது தனியே இருக்க வேண்டும். இரண்டாவது முறை விடும்போது முதலில் பலிக்காத அதே வழியைத் திரும்பச் செய்யாமல், துரத்தியது ஒரு மீனா பலவா, துரத்தல் ஓர் இடத்தைச் சுற்றியா தொட்டி முழுவதுமா என்று முதல் முறை பார்த்ததை வைத்து வழியை மாற்ற வேண்டும்.